நல்ல குட்டிதான், ஆனால்…

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், எந்தக் குட்டி என்பதைக் காரை விட்டு இறங்கும்போதே முடிவுசெய்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நம்மிடம் யோசனை கேட்பார்கள். புடவைக் கடையில் நின்றவர்களுக்கும் வீட்டுத் தரகு பார்த்தவர்களுக்கும் இந்த வேதனை தெரிந்திருக்கும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நான் அரசாங்கக் கச்சேரியில் பைல் எழுதுகிற எழுதுவினைஞன். எண்பத்தைந்தில் நியூசிலாந்து வந்து, ஆக்லண்டின் மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் ஊர்க்காரர் சிவம் அண்ணை வீட்டு முன்னறையில் நாலு மாதம் இருந்தேன். பிறகு கிடைத்த வேலை நகருக்கு வடக்கே ஆல்பனியில். இன்றைக்கு ஆல்பனி என்றால் பல்கலைக்கழகமும் பெரிய கடைகளும் நினைவுக்கு வரும். அப்போது அங்கே பழத்தோட்டங்களும் புல்வெளியும் டெயரி என்கிற ஒரு மூலைக்கடையும்தான். ஷேர்லி என்ற அம்மா அங்கே பொயின்டர் நாய்கள் வளர்த்து விற்றார். புதருக்குள் பறவை இருப்பதை மோப்பம் பிடித்ததும் ஒரு காலைத் தூக்கி, மூக்கை நீட்டி, அப்படியே அசையாமல் நிற்குமே, அந்த இனம். கூடு கழுவுவது, தீன் வைப்பது, குட்டிகளைப் பழக்குவது எல்லாம் என் பொறுப்பு. கொட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் தந்திருந்தார். அங்கே தமிழில் கதைக்க ஒரு சீவன் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு அந்நியமாய்க் கேட்கும். ஷேர்லியும் வாங்க வந்தவர்களும் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே நம்முடைய பேச்சில் தருகிறேன்.

பைல் திறந்தேன்

குட்டி தெரிந்தெடுப்பது எப்படி என்று ஷேர்லி முதல் வாரமே சொல்லித்தந்தார். நடந்து வேட்டைக்குப் போகிறவனுக்கு வெகுதூரம் ஓடுகிற நாய் ஆகாது. அவனுக்கு முன்னால் சுவடு பிடித்துப் போனாலும், ஆள் எங்கே வருகிறான் என்று அடிக்கடி பார்த்துக்கொள்கிற நாய் வேண்டும். அதே நாய்தான் வீட்டுக்கும் பொருந்தும், பிள்ளைகளோடு ஒத்துப்போகும். இதை அறிய, குட்டிகளை ஒவ்வொன்றாய் உயரப் புல்லுக்குள் விட்டுவிட்டு, கூப்பிடாமல் நம்பாட்டுக்கு நடக்க வேண்டும். தீன் தின்னும்போது பின்னால் ஒரு தகரச் சட்டியைப் போட வேண்டும். பயந்து மூலைக்குள் ஒதுங்குகிற குட்டி துவக்கு வெடிச் சத்தத்துக்கு உதவாது.

எனக்குத் தெரிந்த வழியில் வேலையைத் தொடங்கினேன். குட்டி ஒன்றுக்கு ஒரு பைல். திகதி, நேரம், காலநிலை, சட்டி விழுந்தபோது குட்டி நடந்துகொண்ட விதம், அடியில் என் கையொப்பம். ஒரு வாரத்தில் அலுமாரி நிறைந்துவிட்டது. ஷேர்லி ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். அவர் வாயில் என் பெயர் நேதன்.

"நேதன், இது மூத்திரம் போற நாய்க்குட்டி. பென்சன் எடுக்கப் போறதில்லை."

சூரப்புலி

ஒருவர் வந்தார். ஆள் பனையளவு. மலையடிவாரத்தில் நடந்து நடந்து குவெயில் என்கிற காடை சுடுவாராம். தூண்டில் தடியில் ஒரு பறவைச் சிறகைக் கட்டிக் குட்டிகளுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். ஆறு குட்டிகள் சிறகைச் சுற்றி நின்றன. ஒன்று மட்டும் எங்கள் எல்லோரையும் மறந்து வேலிக்கு அப்பால் போய், பக்கத்துக் காணிக்காரரின் கோழிகளைத் தேடிக்கொண்டிருந்தது. "அதுதான் வேணும், அதுக்குத்தான் நெருப்பு இருக்கு" என்றார் மனிதர். நடக்கிறவருக்கு அது சரிவராது என்று பைலைத் திறந்து காட்டினேன். பைலைப் பார்க்கிற ஆளாய் அவர் இல்லை.

மே மாதம் வேட்டைக் காலம் திறந்து இரண்டாம் கிழமை தொலைபேசியில் வந்தார். கோபமாய் இல்லை, களைத்துப்போயிருந்தார்.

"நாய் அருமையா வேட்டையாடுது. எங்கை எண்டுதான் தெரியேல்லை."

பச்சை நூல்

அடுத்த ஈற்றில் ஏழு குட்டிகள். வாங்குகிறவர்தான் பெயர் வைக்க வேண்டும், நாங்கள் வைக்கக்கூடாது என்பது ஷேர்லியின் சட்டம். கழுத்தில் கட்டிய நூலின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். நான் சட்டத்தை மீறவில்லை. ஆனால் "பச்சை, வாடி" என்று ஒரு குட்டியை மட்டும் தமிழில் கூப்பிட்டேன்.

புல்லுக்குள் விட்டால் மற்றவை வாசத்தின் பின்னால் போய்விடும். பச்சையும் போவாள். ஒளித்துவைத்த சிறகைக் கண்டுபிடித்து, பிறந்து ஏழு கிழமையான சின்னக் காலைத் தூக்கி நிற்பாள். பிறகு தலையை மட்டும் திருப்பி, நான் பார்த்தேனா என்று பார்ப்பாள். அந்த நாட்டில் அதுவரை ஒருவரும் என்னை அப்படித் தேடிப் பார்த்ததில்லை. பின்னேரத்தில் கூட்டுக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, அவளை மடியில் வைத்து, அன்று நடந்ததெல்லாம் சொல்வேன். சொல்லப் பெரிதாய் ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்வேன்.

எல்லர்ஸ்லியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா நடந்து வேட்டைக்குப் போகிறவர், பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்குப் பச்சைதான் என்று ஒரு குருடனுக்கும் தெரியும். அந்த அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு "இது எப்படி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒரு கலியாணத்தைக் குழப்ப மொட்டைக் கடிதம்கூடத் தேவையில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் "பெட்டை நல்லவள்தான், ஆனால்…" என்று இழுத்து, அதோடு வாயை மூடிக்கொண்டால் போதும். மிச்சத்தை அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

"நல்ல குட்டிதான், ஆனால்…" என்றேன். இழுத்தேன். நிறுத்தினேன். வெள்ளைக்காரரிடமும் அது அப்படியே வேலை செய்தது. அந்த அம்மா பச்சையை மெல்ல இறக்கிவிட்டு நீல நூல் குட்டியைத் தூக்கிக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்தார்.

"உங்களைப் போல உண்மை சொல்ற ஆக்கள் இந்தத் தொழிலிலை குறைவு."

அக்காவின் கடிதம்

அதன் பிறகும் மூன்று குடும்பங்களுக்கு இதே வைத்தியம். குட்டிகள் ஒவ்வொன்றாய்ப் போயின. பச்சை மட்டும் போகவில்லை. பத்துக் கிழமை தாண்டியும் விற்காத குட்டியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பழகிய கூட்டை விட்டு இன்னொரு வீட்டோடு ஒட்டுவதும் கஷ்டம் என்று ஷேர்லி கவலைப்பட்டார். நானும் கவலைப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. எனக்கு ஒரு கலியாணப் பேச்சுக்கால் நடந்துகொண்டிருந்தது. பெண் ஆசிரியை. படத்தை என் அறைக் கண்ணாடியில் செருகி வைத்திருந்தேன். அது சரிவரவில்லை என்று அக்கா எழுதியிருந்தார். ஆக்லண்டிலிருந்து யாரோ பெண் வீட்டாருக்கு எழுதியிருக்கிறார்கள்: பெடியன் நல்லவன்தான், ஆனால் நாய்க் கொட்டிலில் வேலையாம், படுக்கையும் அங்கேதானாம். எழுதியது யார் என்று சிவம் அண்ணையைக் கேட்டேன். "ஆராயிருந்தால் என்ன, பொய்யோ எழுதியிருக்கினம்?" என்றார். பொய் இல்லைத்தான். அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்பதுதான் என்னைத் தின்றது. 'ஆனால்' என்ற இடத்தில் என்னுடைய முப்பத்திரண்டு வருசமும் நின்றுவிட்டது.

அன்று கூட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். பச்சை மடியில் ஏறினாள். எனக்கு அழுகை வந்தது. கலியாணம் நின்றதற்கு அழுகிறேன் என்று முதலில் நினைத்தேன். இவளுக்கு வந்த நாலு வீட்டை நான்தான் குழப்பினேன் என்பது பிறகு உறைத்தது. என்ன விசயம் என்று ஷேர்லி கேட்டார். கடிதத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சந்தேகமாய் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன், அந்தப் பெண்பிள்ளைக்கு நாய் பிடிக்காதோ?"

கடைசிக் குட்டி

பஸ் சாரதி ஒருவர் வந்தார். கூட அவர் மகள், எட்டு வயதிருக்கும். தாய் வேறு ஊருக்குப் போய்விட்டாராம், இப்போது வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமைகளில் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்து பெசன்ட் என்கிற காட்டுக்கோழி தேடப் போவாராம். மகள் புல்லில் உட்கார்ந்தாள். பச்சை அவளுடைய சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள். பாழாய்ப்போன அந்த 'ஆனால்' எனக்குத் தொண்டை வரை வந்தது.

விழுங்கிவிட்டு, பைலை எடுத்து முழுவதும் வாசித்தேன். சட்டிச் சத்தத்துக்கு அசையவில்லை. சிறகைப் பதினொரு தரம் கண்டுபிடித்தாள். ஒருதரமும் ஆளை விட்டுத் தூரம் போகவில்லை. மனிதர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவ்வளவு நல்ல குட்டி ஏன் மிஞ்சினது?" என்றார். ஷேர்லி வேலியோரத்தில்தான் நின்றார். நின்றால் நிற்கட்டும் என்று நினைத்து, சொல்லிவிட்டேன்: "குறை குட்டியிலை இல்லை. எனக்கு அதைப் பிரிய மனமில்லாமல், வந்த ஆக்களை நான் திருப்பி அனுப்பிப்போட்டன்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சாரதி குட்டியைத் தூக்கி மகளின் கையில் கொடுத்தார். கழுத்து நூலை நானே வெட்டிவிட்டேன். அந்தப் பிள்ளை அவளுக்கு வைத்த பெயர் என் நாக்குக்கு வரவில்லை. கார் போனதும் வாளியை எடுத்து, காலையில் கழுவிய கூட்டை மறுபடி கழுவினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, ஷேர்லி வந்து குழாயை மூடினார். கோபிக்கவில்லை. ஒன்றும் விளங்காதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"உனக்கு வேணுமெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, நேதன். முதல் கிழமையே தந்திருப்பன்."

என் கலியாணத்தைக் குழப்ப யாரோ ஒருவர் முத்திரை வாங்கி ஒட்டிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. பச்சை எனக்குக் கிடைப்பதைக் குழப்ப, நான் வாயைத் திறந்து கேட்காமல் இருந்ததே போதுமாயிருந்தது.