எங்கள் வீட்டு முறை

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மார்கழி பஜனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. விடியுமுன் பாடிக்கொண்டே சுற்றிவந்து, நாளுக்கு ஒரு காம்பரா வீட்டு வாசலில் முடிப்பார்கள். அந்த வீடு பொங்கல் கொடுக்கும். அந்த வீட்டுப் பிள்ளை சங்கு ஊதும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

அந்தச் சங்குக்காகப் பப்பாளித் தண்டில் ஊதிப் பழகி என் உதடு வீங்கிக் கிடந்தது. எங்கள் முறை வந்த அன்று, பஜனையை நடத்திய பெரியப்பா எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கேட்டால், "ஒங்கப்பன் வரட்டும்டா" என்றார்.

அப்பா கலேவெல பக்கம் வெங்காயம் பிடுங்கப் போயிருப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். போகட்டும், அதற்கென்ன? கடைசிக் காம்பரா அத்தையின் புருஷன் கொழும்பில் கடையில் வேலைக்கு நிற்கிறார். அவள் வீட்டு முறை தள்ளிப்போகவில்லையே. வகுப்பில் முதல் ஆளான நான் இந்த நியாயத்தை எடுத்துச் சொல்லியும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவோ பச்சரிசியையும் சர்க்கரையையும் தகர டப்பாவில் மூடிவைத்தவள், தைப்பொங்கலன்றுகூடத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பொங்கலைத்தான் சாப்பிட்டோம்.

தை பிறந்தும் பஜனை நிற்கவில்லை. முறை முடிந்த வீடுகளுக்கே மறுபடியும் போனார்கள். கீழ் லயத்து மாமா சிரித்தார்: "என்ன மச்சான், மார்கழிய சித்திரை வரைக்கும் இழுக்கப் போறீங்களா?"

"ஒரு வீடு பாக்கி இருக்கே" என்றார் பெரியப்பா.

பாக்கி வைத்தது யாராம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெங்காயமெல்லாம் எனக்காகச் சொன்ன கதை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அடையாள அட்டை இல்லையென்று ஆமிக்காரர்கள் துவக்கை நீட்டி அப்பாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது அன்றே லயம் முழுக்கத் தெரியும், என்னைத் தவிர.

ஒரு சாயங்காலம் அப்பா வந்தார், பாதி ஆளாக. அம்மா டப்பாவைத் திறந்தாள். மறுநாள் விடியலில் பஜனை எங்கள் வாசலுக்கு வந்தது. பெரியப்பா சங்கை என் கையில் கொடுத்தார். முதல் ஊதலிலேயே லயம் அதிர்ந்தது. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

அப்பா சுவரோடு ஒட்டி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றார். பாட்டு நின்றுபோனது. பெரியப்பா மெல்லப் போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கி, நெஞ்சருகே சேர்த்துவைத்தார்.

சாமி கும்பிட இதுதானா நேரம் என்று எனக்கு எரிச்சல். இத்தனை நாள் காத்திருந்து ஊதியவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பொங்கலைத் தொடாமலே பள்ளிக்கூடம் போனேன்.