சோளக்குழியும் பாகு வண்டியும்

வயல்காட்டுக் கதை ஒன்று என்னை மணலி வரைக்கும் தலைதெறிக்க ஓடவைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாரு என்றிருப்பேன். ஆனால் ஓடத்தான் ஓடினேன்.

வடசென்னையில் காலடிப்பேட்டையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். நாற்று எது, களை எது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு நூலகத்தில் அந்தப் பழைய நாவல் கிடைத்தது. ஒரு விவசாயக் குடும்பம். அப்பா, மூன்று மகன்கள், மருமகள்கள், மாடு, மழை வராத வருஷம். மூத்த மருமகளும் நடு மருமகளும் போடுகிற சண்டை இருக்கிறதே, அப்படியே எங்கள் தெருக் குழாயடிதான். புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்ததும், டீயைக் கையில் கொடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

அவருக்கு மணலியில் ஒரு யார்டில் டேங்கர் லாரி கழுவுகிற வேலை. மேல்மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, சுரண்டிக் கழுவிவிட்டு ஏறி வரவேண்டும். பெட்ரோல் வண்டியும் வரும், பாமாயில் வண்டியும் வரும், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு வண்டியும் வரும். வீட்டுக்கு வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். அவரால் படிக்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

அன்று சாயங்காலம் படித்த இடத்தில் அந்தக் குடும்பம் சோளக்குழியைத் திறக்கிறது. தரைக்குள் ஆழமாகக் குழி வெட்டிச் சோளத்தைக் கொட்டி மூடி வைத்திருப்பார்களாம். திறந்ததும் யாரும் இறங்குவதில்லை. முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குகிறார்கள். விளக்கு அணைந்துபோகிறது. கெட்ட காற்று போகட்டும், நாளைக்கு இறங்கலாம் என்று எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாமே, சோக்கான ஐடியாவா கீதே! எங்க யார்டுல கெட்ட காத்து கீதான்னு பாக்குற மீட்டரு கீட்டரு ஒண்ணும் கெடையாது. மூக்குதான் மீட்டரு."

"மூக்கு ஏமாத்திட்டா?" என்றேன்.

"ஆளே பூடுவான்" என்று சிரித்தார். கிண்டலுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

மறுநாள் அவர் வேலைக்குப் போனபிறகு சாமிக்கு விளக்கேற்றப் போனேன். அகலைக் காணோம். தீப்பெட்டியும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்காமல் நின்றேன். பிறகு விளங்கியது, அவர்தான் எடுத்துப் போயிருக்கிறார். சோளக்குழியில் விளக்கு அணையும், சரி. பெட்ரோல் வண்டிக்குள் இறக்கினால்? அம்மா தாயே! அவருக்குத் தெரியாதா என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. தெரிந்தவன்தான் அவசரத்தில் கோட்டை விடுவான் என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. போன் போட்டேன், எடுக்கவில்லை. செருப்பை மாட்டினேனோ இல்லையோ, ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் லாரி வரிசை. தூரத்தில் புகையைப் பார்த்தாலே செத்துப் பிழைத்தேன். மணலியில் புகை இல்லாத இடம் எது?

யார்டுக்குள் நுழைந்ததும் வண்டியைத்தான் பார்த்தேன். பின்பக்கமெல்லாம் கருப்பாக வழிந்து காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. பாகு வண்டி! பெட்ரோல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் டங் டங்கென்று சத்தம் காதில் விழுந்தது. உள்ளே ஒருவன் இறங்கினால் வெளியே இருப்பவன் அடிக்கடி ஸ்பேனரால் வண்டியைத் தட்டுவான். உள்ளே இருப்பவன் பதிலுக்குத் தட்டவேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். வண்டி மேல் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். பதில் வரவே இல்லை.

கீழே நின்ற டிரைவர் உளறிக்கொட்டினார். வீட்டுக்காரர் அகலைக் கம்பியில் கட்டி இறக்கியிருக்கிறார், அணைந்துவிட்டது; பாகு புளித்தால் அதிலும் கெட்ட காற்று வருமாம். சோளக்குழிக் கதையைச் சொல்லி இறங்கமாட்டேன் என்றிருக்கிறார். மேஸ்திரி, "இன்னா, வெவசாயம் பாக்க வந்தியா? வண்டி கெளம்பணும்" என்று கத்தியிருக்கிறார். கூட வேலை செய்யும் தோஸ்து, "நீ கதை கேட்டுகினு இரு மாமு, நான் கழுவிட்டு வரேன்" என்று கயிறுகூடக் கட்டாமல் இறங்கிவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தபோது வீட்டுக்காரர் ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு மூடிக்குள் காலை விட்டிருந்தார். ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. பின்னாலிருந்து சட்டைக் காலரையும் தலைமயிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுமே! உள்ள அவன் செத்துனுகிறான்மே!"

"எறங்குனா நீயும் சாவ! வுடமாட்டேன்யா!"

முழங்கையால் ஓங்கி இடித்தார், என் உதடு கிழிந்தது. நான் விடவில்லை. அவர் உள்ளே பார்த்து நண்பனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்டவர்கள் இறங்கித் தூக்கி வரும்வரைக்கும் அப்படியேதான் பிடித்திருந்தேன். மேலே கொண்டு வந்தபோது தோஸ்துக்கு மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் செத்துப்போன தோஸ்தின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருக்கோடியில்தான் அவர்கள் வீடு. யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். என் உதட்டையே பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்து நின்றேன். திட்டவில்லை.

"உன் வூட்டுக்காரர நீ புடிச்சிகினியாமே. நல்லது பண்ண" என்றாள். பிறகு, "காலைல என் வாசலத் தாண்டித்தானே ஓடின? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் வந்து புடிச்சிருப்பனேக்கா" என்றாள்.

ஆமாம், அவள் வாசலைத் தாண்டித்தான் ஓடினேன். அவள் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.