மூக்கில்லாமல் மூலிகை படித்தது

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். கொரோனா இரண்டாவது அலையில் எனக்கு வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மூக்கு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, கண்ணாடி நிற்பதற்கு உதவுகிறது. மணம் மட்டும் தெரியாது. ஊரில் பல பேருக்கு அப்படிப் போய், கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, காரம் தெரியும், அதோடு சரி. மல்லியும் சீரகமும் பெருங்காயமும் எனக்கு ஒன்றுதான். சமையல்காரனுக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்? வேறு தொழிலும் எனக்குத் தெரியாது.

முதலில் பெரிய கஷ்டம் இல்லை, என் மனைவியின் மூக்கு இருந்தது. அடுப்பு என் வேலை, முகர்வது அவள் வேலை. "ஏனுங்க, கடுகு தீயுது", "பெருங்காயம் போதுங்க" என்று பின்னாலிருந்தே என்னை ஓட்டினாள். போன மார்கழியில் மகளின் பிரசவத்துக்குச் சேலத்துக்கு இறங்கினாள். குழந்தை பிறந்தது. பிறகு மகளின் மாமியாருக்கு இடுப்பு வலி, பிறகு மகளுக்கு லீவு முடிந்தது, இப்படி ஒன்று மாற்றி ஒன்று. என் மூக்கு சேலத்தில் பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது. நான் மலைமேல் குத்துமதிப்பாகச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் வழக்கமாக வருகிற லாரி டிரைவர் ஒருவர் இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தார். அப்படியே தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தேங்காய் ஊசிப்போயிருந்தது என்று பாத்திரம் கழுவுகிற அம்மா பிறகு சொன்னார். அந்த டிரைவர் திரும்ப வரவே இல்லை. எனக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

சேலத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். கிராம்பு, எலுமிச்சை என்று காரமான மணமுள்ளதாகத் தினமும் முகர்ந்து பழகுங்கள், வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். இதைச் சொல்ல இவ்வளவு படிக்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் பழகினேன். காலையில் கல்லாவில் உட்கார்ந்து கிராம்பை மூக்கில் வைத்துக்கொள்வேன். கிராம்பும் பென்சில் முனையும் ஒன்றாகவே இருந்தன.

வாழவந்தியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு மேரக்காயும் பீன்ஸும் கொண்டுவருகிற ஒரு அம்மா உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், வாய் ஓயாது. வியாபாரம் முடிந்ததும் கூட வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு என் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அவர்கள் ஊர் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. "செவ்வாக்கெழமையானா எங்க குழுவுல மூலிகை படிக்கறமுங்ணா. உங்க கடைக்கு அன்னிக்கு லீவுதானுங்களே, சித்த வந்துட்டுப் போங்க" என்றார். மலையில் எத்தனையோ இலை இருக்கிறது, மூக்குக்கு ஒரு இலை இல்லாமலா போகும் என்று கிளம்பினேன். காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மெஸ்காரனுக்கு மூக்கு இல்லை என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும், அன்றோடு கடைக்குப் பூட்டுதான்.

போய்ப் பார்த்தால், அங்கே படிப்பே மூக்கால்தான். சமுதாயக் கூடத்து வாசலில் வட்டமாக உட்கார்வார்கள். பறித்துவந்த கொத்து கைமாறிக் கைமாறி வரும். ஆளுக்கு ஒரு துண்டு கிள்ளிக் கசக்கி முகர வேண்டும். கடைசி ஆள் முகர்கிற வரைக்கும் யாரும் பெயரைச் சொல்லக் கூடாது. கடைசி ஆள்தான் சொல்ல வேண்டும். "காட்டுல ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்குமுங்க. வாசனதான் ஆளக் காட்டிக் குடுக்கும்" என்றார் தலைவி. விதி என்னைத் தேடிப்பிடித்து இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. கண்ணாலும் விரலாலும் சமாளித்தேன். துளசித் தண்டு நாலு பட்டையாக இருக்கும். கற்பூரவல்லி தடிப்பாக, மெத்தென்று இருக்கும். நொச்சி இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். கசக்கி, கண்ணை மூடி, மூச்சை நன்றாக இழுத்து, "ஆகா!" என்பேன். கடைசி ஆளாக உட்கார்ந்தால் பெயரும் சரியாகவே சொல்லிவிடுவேன். ஒருநாள் பிசுபிசுவென்று ஒரு கொத்து முதலில் என்னிடம்தான் வந்தது. வழக்கம்போல ஆகா போட்டேன். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கு அளவே இல்லை.

தலைவலிக்கு, சளிக்கு, கால் வீக்கத்துக்கு என்று எல்லாம் வந்தது. மூக்குக்கு எதுவும் வரவில்லை. அடுத்த வாரம் வரும் என்று அடுத்த வாரமும் போனேன்.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லோருக்கும் வாசனைப்புல் போட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கலாம் என்று முடிவானது. எலுமிச்சை மணம் அடிக்குமே, அந்தப் புல். "அண்ணந்தான் சமையல்காரரு, அவரே பாக்கட்டும்" என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். தலைவி வீட்டுக் காப்பித் தோட்டத்து வரப்பில் இருக்கிறது, அறுத்துவாருங்கள் என்றார்கள். போனேன். வரப்பு முழுக்கப் புல். எல்லாம் நீளம், எல்லாம் பச்சை, எல்லாமே விரலை அறுத்தது. துளசிக்குத் தண்டு உண்டு, நொச்சிக்கு அடிப்பக்கம் உண்டு. புல்லுக்கு என்ன இருக்கிறது? மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கசக்கி மூக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணில் பட்ட புதரை ஒரு கை நிறைய அறுத்துக்கொண்டு வந்தேன்.

கொதிக்கவைத்து, கருப்பட்டி தட்டிப்போட்டு, டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தேன். ஊற்றிக் கொடுத்ததை வேண்டாம் என்று வைப்பது அந்த ஊரில் வழக்கம் இல்லை. ஊதி ஊதி எல்லோரும் குடித்தார்கள், டம்ளர் காலியாகும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தலைவி டம்ளரைக் கவிழ்த்துக் கீழே வைத்தார்.

"ஏனுங்ணா, இது கூரை மேயற புல்லுங்க."

நான் காலி டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"மூக்கு போயி எத்தன நாளாச்சுங்க?"

"யாரு சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லோணும்? நாய்வேளைய மோந்து பாத்துட்டு யாராச்சும் ஆகான்னு சொல்லுவாங்களா? அந்த நாத்தத்துக்கு மாடே மூஞ்சியத் திருப்பிக்கும்."

மறுபடியும் அதே சிரிப்பு. இந்தத் தடவை காரணம் புரிந்தது.

"அதுக்கு முன்னாலயே தெரியுமுங்க" என்றார் அவர். "அக்கா சேலம் போனதுலிருந்து உங்க சாம்பார்ல ஒரு வாரம் பெருங்காயமே இருக்காது, ஒரு வாரம் பெருங்காயந்தான் சாம்பாரே. சொன்னா மனசு ஒடஞ்சு கடைய மூடிப்போடுவீங்கன்னு நாங்க வாயத் தொறக்கல. அப்பறம் ஞாயித்துக்கெழம நாங்க எங்க போயி சாப்புடறதுங்க?"

மார்கழியிலிருந்து ஆடி வரை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தனை பேரும் அதைச் சாப்பிட்டுவிட்டு, "வர்றமுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டேவிட்டேன்.

"மூக்குக்கு என்ன பச்சிலைம்மா? அதுக்குத்தான் வந்தேன். இத்தன வாரமா ஒண்ணும் காட்டலயே?"

அவர் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அதுக்கு எங்ககிட்ட பச்சிலை இல்லீங்ணா" என்றார். "மூக்குதான் இருக்குது."

சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு, ஈரத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தது. வாழவந்தி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். சந்தை நாள் இல்லை, கையில் மூட்டையும் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குள் வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரத்தின் மேல் குனிந்தார்.

"இன்னிக்கு நானு. நாளைக்கு வேற ஆளு வருமுங்க. பெருங்காயம் போட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

"போடுங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தேன். இரண்டு தட்டுத்தான் தட்டியிருப்பேன்.

"போதுங்ணா" என்றார்.