எட்டுத் திசை மலையும் ஒரு லோகோவும்

லோகோ என்பது ஒரு நிறுவனத்தின் முகம் என்று உலகம் நம்புகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் இன்னொரு வாய் காபி குடிப்பது எனக்குப் பாவமாகப் படுகிறது. லோகோ முகமல்ல, உடை. இடத்துக்கும் பொழுதுக்கும் தக்கபடி மாற்ற வேண்டியது. எங்கள் தொழிலில் இதற்கு ‘மாறும் அடையாளம்’ என்று பெயர். பிறருக்குப் படம் போட்டுப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் படித்து ஆறுதல் அடையலாம்.

எது?

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், சுமதி மேடம் ஓர் ஓவியக் காட்சிக்கூடம் திறந்தார். அது ஓவியம் பார்க்கும் இடம் என்று ஊருக்குப் புரியவைப்பது என் வேலை. இரண்டாவது கண்காட்சிக்குள் புரியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மலை ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி தெரியும் அல்லவா? கண்காட்சிக்குக் கண்காட்சி வேறு திசையின் மலைக்கோடுதான் லோகோ. வடிவியலில் தொடங்கி தத்துவம்வரை பேசி, எட்டுப் படங்களைத் திரையில் ஓட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாமே நல்லாத்தாங்க இருக்குது. இதுல எது லோகோ?”

குமாரின் கைங்கரியம்

முதல் கண்காட்சிக்குக் கிழக்கு மலை. ஃப்ளெக்ஸ் கடை குமாரிடம், ஒரு புள்ளிகூடக் கூட்டக் கூடாது என்று எச்சரித்தேன். வாசலில் போர்டு ஏறியபோது மலையுச்சியில் தீபம் கொழுந்துவிட்டு எரிந்தது. வெற்றிடத்தின் அழகு பற்றி நீளமாக விளக்கினேன். குமார் பொறுமையாகக் கேட்டார்.

“மொட்டையா மலை அடிச்சிக் குடுத்துட்டு ஊர்ல நான் எப்படி சார் தலை காட்டறது?”

பௌர்ணமி

அதை மாற்றுவதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. கிரிவலம் வந்தவர்களில் ஒருவர் போர்டைப் பார்த்துக் கும்பிட்டார். பின்னால் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? சற்று நேரத்தில் விபூதி, குங்குமம், மல்லிகைச் சரம், கீழே கற்பூரம். ஒரு லோகோவிடம் பொதுமக்கள் இவ்வளவு ஒட்டுதலாக நடந்துகொண்டு நான் பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது. உள்ளே வந்து ஓவியங்களைப் பாருங்கள் என்று கீழ்பென்னாத்தூர் அம்மா ஒருவரை அழைத்தேன். ஏசிக்காக மூடியிருந்த கதவை நோக்கிக் கைகூப்பினார்.

“நடை எப்ப தொறப்பீங்க சாமி?”

மேற்கு மலை

இரண்டாவது கண்காட்சி வந்தது. புதிய போர்டுடன் ஏணியில் ஏறிய குமார், குங்குமத்தைக் கண்டதும் இறங்கிவிட்டார். நானே ஏறினேன். எதிர் டீக்கடை அக்கா வெளியே ஓடி வந்தார்.

“பொட்டு வெச்ச மலையக் கழட்டறீங்களே, நல்லா இருக்குதா இது?”

கூட்டம் சேர்ந்தது. மேடமும் வாசலில் நின்று பார்த்தார். ஏணி உச்சியிலிருந்து என் தத்துவத்தைச் சுருக்கிச் சொன்னேன். “மலை மாறலைங்க. நாம நிக்கற இடந்தான் மாறுது.” மேடம் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ நீங்க எறங்கி வேற எடத்துல போய் நில்லுங்க சார்!”

அந்த மாறும் அடையாளத்தில் இதுவரை மாறியிருப்பது வடிவமைப்பாளர் மட்டும்தான். புதிதாக வந்தவர் போர்டுக்குத் தகரத்தில் சின்னதாக ஒரு கூரை போட்டிருக்கிறார்.