சைவச் சாப்பாடு கேட்டதால் தப்பிய சஃபாரி

லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் கணவர் கடையை ஒரு வாரம் பூட்டுவது லேசான காரியம் இல்லை. ஆப்பிரிக்காவில் மாடு போன்ற வில்டபீஸ்ட் மான் கூட்டம் ஆற்றைக் கடப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்று மகள் நின்றதால்தான் சம்மதித்தார். பெப்ரவரிப் பள்ளி விடுமுறைக்குக் கென்யாவில் அந்த ஆற்றங்கரையிலேயே ஒரு விடுதியைத் தேர்ந்தெடுத்தோம். ஆறு அங்கே இருந்தால் கூட்டமும் அங்கேதானே இருக்கும்!

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் விடுதிக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சைவம்.

“சிங்கத்துக்குப் பக்கத்தில இருந்து கத்தரிக்காய்க் குழம்பு கேக்கப் போறீரோ?” என்று கணவர் சிரித்தார்.

போனில் வந்த சமையற்காரர், பருப்பும் கீரையும் உண்டு என்றார். பிறகு, என்ன பார்க்க வருகிறோம் என்று விசாரித்தார். சொன்னதும் தயங்கினார். சாப்பாடு இருக்கும், அந்தக் கூட்டம்தான் இருக்காது என்றார். மழைக்கும் புதுப்புல்லுக்கும் பின்னால் போகிற கூட்டம் அது. பெப்ரவரியில் எல்லைக்கு அப்பால், தான்சானியாவில் கன்று ஈன்றுகொண்டிருக்குமாம்.

“அப்ப கண்டுகளைப் பாப்பம் அம்மா!” என்றாள் மகள். தான்சானியாவுக்கே சீட்டு எடுத்தோம்.

இப்போதெல்லாம் எங்கே போவதென்றாலும், பார்க்கப் போவது அந்த மாதத்தில் அங்கே இருக்குமா என்று அந்த ஊரில் இருப்பவரிடமே கேட்கிறேன். அதற்கும் முன்னால் கணவர் கேட்கிறார்:

“சைவம் இருக்கோ எண்டு கேட்டனீரோ?”