ஓடைக்காட்டிலிருந்து ஒரு பதில்

இன்று சமையலறையில் சிந்திய மல்லிவிதை செருப்படியில் நெரிந்து மணந்ததும், இப்போது பட்டாசுக் கம்பெனிச் சுவருக்குள் போய்விட்ட எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்பின் கரிசல் ஈரம் காலில் அப்பிக்கொண்டது. விதைக்கும்முன் அப்பா மல்லியை இப்படித்தான் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைப்பார்.

ஆமத்தூருக்குத் தெற்கே நாங்கள் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். மேட்டுக்காடு, ஓடைக்காடு, நடுவே எங்கள் வேப்பங்காடு. விதைத்து முடித்தவர் வரப்பில் நின்று கூவுவார். பாக்கி இருப்பவர் பதில் கொடுத்தால் அங்கே கைகொடுக்கப் போவார். விதைப்பு மழையும் தீபாவளி சீசனும் ஒன்றாகவே வந்ததால், இரண்டாயிரம் பிறந்த பிறகு வருஷத்துக்கு ஒரு வீடாகக் காட்டைத் தரிசு போட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போனது. அம்மாவும் போனாள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் விதைத்தது அப்பா மட்டும்தான். முடித்ததும் வழக்கம்போல, "எங்க காடு முடிஞ்சிருச்சு, ஒங்களுக்கு எம்புட்டுப் பாக்கி?" என்று கூவினார். ஓடைக்காட்டுப் பக்கம் காதைக் கொடுத்துப் பார்த்தார். மறுபடியும் கூவினார். எனக்குத் தாங்கவில்லை. ஓடைக்காட்டு வரப்புக்கு ஓடி, புதருக்குப் பின்னால் குந்தி, பெண்பிள்ளைக் குரலைத் தடிக்கவைத்து, "இங்கனயும் முடிஞ்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன்.

அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரிப்பா, வீட்டுக்குப் போங்க" என்று புதரைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார்.

அடுத்த வருஷம் புரட்டாசியில் அவரும் பஸ் ஏறினார். புழுதி அடங்கியதும் நான் அதே புதருக்குப் பின்னால் போய்க் குந்தி, யாராவது கூவினால் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தேன்.