கல்லில் நின்றவரைக் காணவில்லை

ஐந்து கால் யானையால்தான் எனக்குச் சட்டம் போடுகிற புத்தி வந்தது.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இணையத்தில் ஒரு படக்குழுவை நடத்துகிறவர்களில் நானும் ஒருவன். தமிழ் கதைக்கிற, கையில் கேமராவோ போனோ வைத்திருக்கிற எவரும் சேரலாம். அதில் ஒருவர், தண்டவாளத்தைக் கடக்கிற யானையின் படமொன்றைப் போட்டார். பின்னால் சூரியன், காலடியில் தூசி, தும்பிக்கை நுனியில் ஒரு பூ. "என்ன பொறுமை, எத்தனை மணித்தியாலம் காத்திருந்தீர்களோ" என்று நான் கீழே எழுதினேன். மூன்றாம் நாள் வேறொருவர் கால்களை எண்ணிப் பார்த்தார். அதற்குள் நான் அந்தப் படத்தை இரண்டு பேருக்குக் காட்டி, வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று விளக்கமும் கொடுத்து முடித்திருந்தேன்.

அவமானப்பட்ட மனிதன் சும்மா இருக்கமாட்டான். நான் அன்றைக்கே உட்கார்ந்து விதிகள் எழுதினேன். ஏஐ உருவாக்கிய படத்துக்கு இங்கே இடமில்லை. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஓரத்தை வெட்டலாம். ஆனால் படத்தில் இருந்ததை ஏஐயைக் கொண்டு எடுக்கக்கூடாது, இல்லாததை வைக்கக்கூடாது. மீறினால் ஒரு மாதம் வாய் பொத்தி இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மூலப்படத்தோடு, அதற்குச் சற்று முன் எடுத்த முன்படம் ஒன்றும் பின் எடுத்த பின்படம் ஒன்றும் அனுப்ப வேண்டும்.

கடைசி விதிதான் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் எனக்கு அளவுக்கு மீறிய பெருமை. மெய்யாகவே வெயிலில் நின்று படம் எடுத்தவனிடம், நல்ல படத்துக்கு முன்னால் ஒரு கோணல் படமும் பின்னால் அதைவிட மோசமான படமும் கட்டாயம் இருக்கும். ஏஐயிடம் கோணல் படம் கேட்டால் அது எங்கே போகும்?

என்னோடு நிர்வாகம் பார்ப்பவர் கொட்டாஞ்சேனையில் கணக்குப் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், இருபது வயது கண்டிப்பானவர். விதிகளை வாசித்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது அட்மின்மாருக்கும்தானே, அண்ணா?"

"எங்களுக்குத்தான் முதல்ல," என்றேன்.

அந்த வசனத்தை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஏனென்றால் இரண்டு கிழமை கழித்து நானே ஒரு மனிதரை அழித்தேன்.

கொலை அல்ல. காலையில் கடற்கரைத் தண்டவாளத்தின் பக்கம் நடக்கப் போனேன். தண்டவாளத்தில் ஒரு கோச்சி தடதடத்து வந்தது, அதே நேரம் பாறையில் மோதி ஓர் அலை எழும்பியது. நான் குந்திக்கொண்டு போனில் படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் அற்புதம். ஆனால் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் கல்லில் நிற்கிறார். மூலையில் கிடந்த சொப்பிங் பையை அழிக்கத்தான் முதலில் போனின் ஏஐ வசதியைத் தொட்டேன். பையை அழிக்கலாமா என்று அந்த நேரம் யோசிக்கவே இல்லை, மேசையில் விழுந்த சோற்றுப் பருக்கையைத் தட்டிவிடுவதுபோல இருந்தது. பை போனதும் போன் தானாகவே அந்த மனிதரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, இவரையும் எடுக்கவா என்பதுபோலக் காத்திருந்தது. நான் அழுத்தினேன். அவர் நின்ற இடத்தில் கடல் வந்தது. நல்ல கடல். உண்மைக் கடலைவிடக் கொஞ்சம் நல்ல கடல்.

அந்தப் படம் குழுவின் முகப்புப் படமாயிற்று. முன்பின் தெரியாத மனிதர்கள் என்னை "சேர்" என்று மரியாதையாக விளித்து எழுதினார்கள். வீட்டில் என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்வதில்லை, அலுவலகத்தில் எனக்குக் கீழே இருப்பது என் கதிரை மட்டும்தான். உலகத்தில் எனக்கு மரியாதை கிடைக்கிற ஒரே இடம் அந்தக் குழு. அதை இழந்தால் நான் வெறும் தொப்பைக்காரன்.

அடுத்த கிழமை, கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர் வெள்ளவத்தையில் எடுத்த ஓர் அலையின் படத்தை அனுப்பினார். துறைமுகத்தில் முப்பது வருஷம் வார்ஃப் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்தார். படம் முழுக்க அலை, ஓரத்தில் கோச்சியின் கடைசிப் பெட்டி கொஞ்சம். நான் அதில் இரண்டு குற்றம் கண்டேன். ஒன்று, வெள்ளவத்தையில் அலை அவ்வளவு உயரம் எழும்பாது. இரண்டு, அது என் படத்தைவிட நன்றாக இருந்தது. முதலாவதை மட்டும் எழுதி, ஏஐ என்று சந்தேகிக்கிறோம், விதிப்படி மூன்று படங்களையும் அனுப்பவும் என்று படத்தை நிறுத்திவைத்தேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. மதிப்புக்குரிய நிர்வாகி அவர்களுக்கு என்று தொடங்கி, இணைப்பு ஒன்று மூலப்படம், இணைப்பு இரண்டு முன்படம், இணைப்பு மூன்று பின்படம், பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தவும் என்று முடிந்தது. கப்பலில் இருந்து சாமான் எடுப்பவரின் கடிதம். நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே மூன்றாவது இணைப்பைத் திறந்தேன். அலை விழுந்து முடிந்தபின் அவர் திரும்பி, வந்த வழியை ஒரு படம் எடுத்திருந்தார். பாறை, தண்டவாள வேலி, குந்திக்கொண்டிருக்கிற ஒருவன்.

பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது உங்கட சாரமெல்லே?"

"கோடு போட்ட சாரம் ஊரில எத்தினை பேரிட்ட இருக்கு."

"சாரம் இருக்கும். இந்த வாய் ஆரிட்ட இருக்கு?"

படம் எடுக்கும்போது நான் வாயைத் திறந்துகொண்டிருப்பேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் சிரித்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள். எனக்கு மட்டும் கணக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அவர் திரும்பி எடுத்த படத்தில் நான் இருக்கிறேன் என்றால், நான் எடுத்த படத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர் அவர். ஒரே கோச்சி, ஒரே அலை. என் அலை மெய், அவருடைய அலை பொய் என்று நான் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதரைப் படத்திலிருந்து எடுத்தது போதாதென்று குழுவிலிருந்தும் எடுக்கப் பார்த்திருக்கிறேன்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தக் கடிதத்தை முப்பது தடவையாவது வாசித்திருப்பேன். "உறுதிப்படுத்தவும்" என்ற சொல்லில் ஒரு மிரட்டல் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. மூலப்படத்தை மீட்டு மாற்றிப் போட்டுவிடலாம் என்று போனைத் தோண்டினேன். இடம் போதாது என்று போன் கத்தியபோது, ஒரே படம் இரண்டு கிடக்கிறதே என்று ஒன்றை அழித்திருந்தேன். மெய்யானதைத்தான் அழித்திருந்தேன்.

அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், தண்ணீர் குடித்தேன், கழிப்பறைக்குப் போனேன், மறுபடியும் தண்ணீர் குடித்தேன். என் குழுக் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று அறிவிக்கலாமா என்று பார்த்தேன். எனக்குச் சுகமில்லை என்று குழுவையே ஒரு கிழமை மூடலாமா என்று பார்த்தேன். கடைசியில் பத்து மணியளவில், தெளிந்த புத்தியோடு, விதிகளுக்கு ஒரு திருத்தம் எழுதி டீச்சருக்கு அனுப்பினேன்: கடற்கரைப் படங்களில் எதிர்பாராமல் நிற்கும் தனிநபர்களை, அவர்களுக்குப் பாதிப்பு ஏற்படாத வகையில் நீக்கலாம்.

டீச்சர் இடைவேளையில் அழைத்தார். சும்மா ஒரு சந்தேகம்தான், இந்தத் திருத்தம் ஆருக்காக என்று கேட்டார். பொதுவாக என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது.

"அந்த வார்ஃப் ஐயான்ர மூண்டு படமும் வந்திட்டுதே?"

"இன்னும் பாக்கேல்ல."

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் அவரிட்டயே கேட்டு வாங்கிறன்."

டீச்சருடைய வீட்டிலிருந்து வார்ஃப் ஐயாவின் வீட்டுக்கு இரண்டு சந்திதான். அதனால் ஞாயிறு காலை நான் கொட்டாஞ்சேனை வழியாகப் போகிற மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். நேரில் சந்திக்க வேண்டும் என்று எழுதியதற்கு, பூசை முடிந்ததும் கோயிலுக்கு எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நிற்பதாக அவர் எழுதியிருந்தார். வழி முழுக்க நான் மன்னிப்புக் கேட்கிற விதங்களை ஒத்திகை பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு எழும்பி வேறு இருக்கைக்குப் போனாள்.

முதுகை வைத்து ஆளை அடையாளம் கண்டேன். அதே வெள்ளைச் சட்டை, தோளில் கேமராப் பை. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் கடைக்காரத் தம்பியிடம் விரலைக் காட்டி "மல்லி, ப்ளேன்டீ தெகக்" என்று சிங்களத்தில் இரண்டு தேத்தண்ணி சொன்னார். நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டேன். போனை எடுத்து முகப்புப் படத்தைக் காட்டி, இதில் உங்களை நான்தான் அழித்தேன் என்றேன்.

"போட்ட அண்டைக்கே பாத்தனான் தம்பி," என்றார். "நான் நிண்ட கல்லில கடல் நிக்குது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, ஐயா."

"என்னெண்டு சொல்றது? நான் அங்க நிண்டதுக்கு என்னட்ட என்ன சாட்சி? பிறகு பாத்தா, நீங்களே இணைப்பு மூண்டு கேட்டியள்." தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். "சட்டம் நல்ல சட்டம். அதை விட்டிடாதேங்கோ."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். அவர் கேட்டது வேறு.

"நான் இருக்கிற அந்தப் படத்தை ஒருக்காத் தாங்கோ. வீட்டில எல்லாற்ற படமும் இருக்கு, எடுத்ததெல்லாம் நான். கேமராவோட நான் நிக்கிற படம் ஒண்டுகூட இல்ல."

அதை அழித்துவிட்டேன் என்று சொல்வது, முதல் குற்றத்தை ஒப்புக்கொள்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் தலையை ஆட்டினார். பிறகு, வார்ஃப் கிளார்க் அல்லவா, மெதுவாகக் கேட்டார்: "முன்படம்?"

நல்ல படங்களைத்தான் நான் கிண்டிக் கிண்டி அழிப்பேன். மோசமானவற்றைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அதனால் அவை நூற்றாண்டுக்கும் இருக்கும். தேடினேன். இருந்தது. கடல் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, அலை இன்னும் எழும்பவில்லை, வலது பக்கத்தில் என் விரல் கால்வாசிப் படத்தை மறைத்தது. மீதியில் அவர். ஒரு கால் உயரமான கல்லில், சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பின்னால முடி இவ்வளவு போயிட்டுதே," என்று உச்சந்தலையைத் தடவினார். பிறகு, "இந்த விரல் ஆற்ற?"

"என்ர."

"அதை மட்டும் அழிக்கேலாதோ? குழுவில போடுறதுக்கில்ல, வீட்டுக்கு."

வீட்டுக்கு என்றால் விதி இல்லை. எனக்கும் ஏதாவது செய்துகொடுக்கக் கை பரபரத்தது. அந்த ஏஐ வசதியைத் திறந்து விரலின் மேல் தொட்டேன். போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு விரலை விட்டுவிட்டு அவரைச் சுற்றி வட்டம் போட்டு, இவரையும் எடுக்கவா என்பதுபோலக் காத்திருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உந்தப் போனுக்கு என்னில என்ன கோவம்," என்றார்.

மூடிவிட்டேன். ஓரத்தை வெட்டலாம் என்றால் அவருடைய முழங்கை போய்விடும். அவரே முடிவு சொன்னார்: "விரல் இருக்கட்டும். எடுத்தது ஆரெண்டு தெரியத்தானே வேணும்."

அந்த மேசையிலேயே வைத்து எல்லாவற்றையும் செய்தேன், பஸ்ஸில் ஏறினால் மனம் மாறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவருடைய அலையை வெளியிட்டேன். முகப்புப் படத்தை இறக்கினேன். ஆளை அழித்தது நான், சந்தேகப்பட்டதும் நான் என்று எழுதி, விரலோடு கூடிய முன்படத்தைக் கீழே போட்டேன். அவர் தேத்தண்ணிக் கிளாசைத் தள்ளிவைத்துவிட்டு, நான் எழுதியதை ஒருமுறை வாசித்து, ஒரு இடத்தில் எழுத்துப் பிழையைக் காட்டினார்.

டீச்சரின் பதில் மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தது. விதிப்படி எனக்கு ஒரு மாதம் படம் போட அனுமதியில்லை, நிர்வாகப் பொறுப்பும் அதுவரை இல்லை, அந்தத் திருத்தம் நிராகரிக்கப்படுகிறது. அதன் கீழே இன்னொரு வரி: பின்படம் இணைக்கப்படவில்லை.

பின்படத்தையும் தேடி எடுத்தேன். அலை காலில் பட்டதும் நான் துள்ளி எழும்பியிருக்கிறேன். அதில் இருந்தது ஒரு செருப்பும் என் பெருவிரலும் மட்டும்தான். அதை அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதை உறுதிப்படுத்தவும் என்று எழுதினேன்.